பழைய எஞ்சினில் 23 குதிரை, புதியதில் எத்தனை?

"அண்ணா, எங்களிடம் 1977-இல் கட்டிய வெஸ்டர்லி சென்டோர் பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. 26 அடி. கென்டில், மெட்வே ஆற்றில் வைத்திருக்கிறோம். படகோடு வந்த வொல்வோ பென்டா எம்டி11சி எஞ்சின் இந்தக் கோடையோடு முடிந்துவிட்டது. சிலிண்டர் ஹெட் உப்பில் அரித்து ஒயிலுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. திருத்திப் பிரயோசனமில்லை என்று படகு திருத்தும் யார்டில் சொல்லிவிட்டார்கள். அது 23 குதிரைவலு. கியர்பொக்ஸ் தகட்டில் 1.91 என்று போட்டிருக்கிறது. புதிதாக 20 குதிரை போடலாம் என்கிறது யார்ட். பக்கத்துப் படகுக்காரர் அதே சென்டோரில் 14-ஐப் போட்டு ஐந்து வருடமாக ஓடுகிறார், அது தாராளம் என்கிறார். என் கணவரோ, 'செலவழிப்பதுதான் செலவழிக்கிறோம், 30-ஐப் போட்டுவிடுவோம், பலம் கையிருப்பில் இருக்கட்டும்' என்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரோடு வார இறுதியில் குயின்பரோ வரை போய் வருவோம். அடுத்த கோடை ராம்ஸ்கேட், அப்புறம் கால்வாயைத் தாண்டி பிரான்சின் கலே வரை போக ஆசை. எதைப் போடுவது?"
— ஒரு வாசகி, கில்லிங்காம்

தங்கச்சி, முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். யார்ட் சொன்னதுதான் சரி: 20. ஆனால் ஏன் 20 என்று அவர்கள் உங்களுக்கு விளக்கவில்லை போலிருக்கிறது. மூன்று பேர் மூன்று எண் சொல்லும் இடத்தில் காரணம் தெரியாமல் நின்றால், யார் சத்தமாகக் கதைக்கிறாரோ அவருடைய எண்தான் படகில் ஏறும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கணவரிடமும் வாசிக்கக் கொடுங்கள்.

பழைய எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வருடத்துக்கு மேல் கடல்நீரை நேராகவே உடம்புக்குள் விட்டுக் குளிர்ந்த இரும்பு அது. அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். ஹெட் அரித்தால் உள்ளே பிளாக்கும் அரித்திருக்கும். ஹெட்டை மட்டும் தேடி வாங்கிப் போடுவது ஓட்டைப் பானைக்குப் புது மூடி வாங்கிய கதைதான். மாற்றுவது சரி. இனி வருகிற எஞ்சினுக்குள் நன்னீர்தான் சுற்றும், கடல்நீர் வெப்பமாற்றியோடு நின்றுவிடும்.

அந்த 23 என்ற எண்ணை இப்போதே மறந்துவிடுங்கள். 70-களில் படகு கட்டியவர்கள் அன்று சந்தையில் கிடைத்த எஞ்சின்களில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். சென்டோருக்கு இத்தனை குதிரை தேவை என்று யாரும் கல்வெட்டில் வெட்டி வைக்கவில்லை. எத்தனை தேவை என்று கேட்க வேண்டியது படகிடம். அதற்கு இரண்டு அளவு போதும்: நீர்மட்டத்தில் படகின் நீளம், ஏற்றியபின் அதன் எடை.

உங்கள் படகு 26 அடி என்றாலும் தண்ணீரைத் தொடுகிற நீளம் 21 அடி 4 அங்குலம், அதாவது 6.5 மீட்டர். இந்த மாதிரிப் படகு ஓடும்போது மூக்கில் ஓர் அலை எழும்பும். வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் ஒரு முகடு மூக்கிலும் அடுத்த முகடு பின்புறத்திலும் இருக்க, படகு நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். உங்கள் படகுக்கு அது நடப்பது சுமார் 6.2 நாட்டில் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). அதற்கு மேல் போகவேண்டுமென்றால் தான் எழுப்பிய அலை மீதே படகு ஏற வேண்டும். மூன்றரைத் தொன்னோடு இரட்டைக் கீல் வைத்த படகு ஏறாது. வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியியலாளர் 1872-இல் டார்க்கீயில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகில் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து ஆராய்ந்த விஷயம்தான் இது. இந்த மாதிரிப் பாரமான படகில் இன்றுவரை யாராலும் அதை ஏமாற்ற முடியவில்லை.

எடைக்கு வருவோம். தயாரிப்பாளர் தந்த கணக்கு 3 தொன் சொச்சம். அதை நம்பாதீர்கள். நங்கூரம், சங்கிலி, தண்ணீர், டீசல், காஸ் சிலிண்டர், அடுப்பு, நாலு பேர், பிள்ளைகளின் பைகள், வருடா வருடம் அடிமேல் அடி பூசிய பெயின்ட் எல்லாம் சேர்த்தால் 3.5 தொன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கிரேனில் தூக்கி எடை பார்த்த பழைய குடும்பப் படகுகளில் புத்தகத்தில் போட்ட எடையோடு ஒத்துவந்தது ஒன்றுகூட இல்லை.

இந்த இரண்டு அளவையும் படகு வடிவமைப்பாளர்கள் பாவிக்கும் சமன்பாட்டில் போட்டால் இப்படி வருகிறது. அமைதியான தண்ணீரில், சுத்தமான அடிப்பாகத்தோடு, 4.6 நாட் போக, புரொப்பெல்லரைச் சுற்றும் தண்டான ஷாப்டில் 6 குதிரை சொச்சம் போதும். 5.1 நாட்டுக்கு எட்டரை. 5.5 நாட்டுக்கு 11. உச்சமான 6.2-ஐத் தொட 15-க்குக் கொஞ்சம் மேல். பாருங்கள், முதல் நாலரை நாட்டை 6 குதிரை இழுத்துவிடுகிறது. கடைசி முக்கால் நாட்டுக்கு மட்டும் இன்னும் நாலு குதிரைக்கு மேல் வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை குதிரை பூட்டினாலும் பெரிய அலையும் பெரிய புகையும்தான் கிடைக்கும்.

அப்படியானால் 16 போதுமே, பக்கத்துப் படகுக்காரர் சொன்ன 14-உம் கிட்டத்தட்டச் சரிதானே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எஞ்சின் தகட்டில் போட்டிருக்கும் எண் முழு வேகத்தில் வரும் எண். யாரும் முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவதில்லை. நீங்கள் நாளாந்தம் ஓடப்போகும் வேகத்தில் அந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

உங்களைப் போன்ற குடும்பம் 5.4 நாட்டில் வசதியாக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 10 குதிரை தேவை. சரியான புரொப்பெல்லர் பூட்டிய 20 குதிரை எஞ்சின், நிமிடத்துக்கு 3,600 சுற்று அதன் உச்சம் என்றால், 2,880 சுற்றில் அந்த 10-ஐத் தரும். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுற்றின் முப்படியாக ஏறி இறங்குவதால், சுற்றை 80 சதவீதமாகக் குறைத்தால் சக்தி பாதியாகிவிடும். உச்சச் சுற்றின் 70-இலிருந்து 80 சதவீதம் வரை டீசல் எஞ்சினுக்கு உகந்த இடம். உள்ளே சூடு போதுமான அளவு இருக்கும், எரிபொருள் முழுதாக எரியும், காதுக்கும் தாங்கும். பின்னால் இன்னொரு 10 குதிரை கையிருப்பிலும் இருக்கும்.

அதே 10 குதிரையை 14 குதிரை எஞ்சினிடம் கேட்டால் அது 3,200 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டு ஓட வேண்டும். ஓடும், உடைந்துவிடாது. ஆனால் இரண்டு சிலிண்டர் எஞ்சின் அந்தச் சுற்றில் எழுப்பும் சத்தத்தோடும் அதிர்வோடும் ராம்ஸ்கேட் வரை ஏழு எட்டு மணி நேரம் போனால், கலே போகிற ஆசை பிள்ளைகளுக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆல்டனேட்டரையும் கணக்கில் சேருங்கள். பட்டரி இறங்கியிருக்கும் நேரத்தில் 70 அம்பியர் ஆல்டனேட்டர் ஒன்று இரண்டு குதிரைக்கு மேல் தின்றுவிடும். 20-இல் இரண்டு போனால் பரவாயில்லை, 14-இல் இரண்டு போனால் தெரியும்.

இப்போது உங்கள் கணவருடைய 30. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர் மீன்பிடிக்காரர்களும் அப்படித்தான் நினைப்பார்கள்: பாரம் ஏற்றி, அலைக்குள்ளால் தள்ளிக் கரைசேர வேண்டிய வள்ளத்துக்குப் பெரிய எஞ்சின் உயிர்காக்கும். ஆனால் அந்த வள்ளத்தின் உடம்பு வேறு, பலம் கொடுத்தால் அது தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும். உங்கள் படகு எழும்பாது. 30 குதிரை எஞ்சின் அந்த 5.4 நாட்டுக்கான 10 குதிரையைத் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கில் தூங்கிக்கொண்டே கொடுக்கும். ஆற்றுக்குள் மெதுவாக 4.6 நாட்டில் ஓடினால் ஐந்தில் ஒரு பங்குதான். டீசலுக்கு இது ஆகாது. பாரமில்லாமல், சூடேறாமல் வருடக்கணக்கில் ஓடினால் சிலிண்டர் சுவர் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும், பிஸ்டன் ரிங் பிடிக்காது, ஒயில் குடிக்கும், எரியாத கரி புகைக்குழாயில் படியும்.

சில வருடங்களுக்கு முன் இதே அளவுப் படகொன்று என்னிடம் வந்தது. 29 குதிரை எஞ்சின், வயது ஐந்துகூட ஆகவில்லை. "ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை இல்லை, புகைக்கிறது" என்றார் சொந்தக்காரர். புகையும் தண்ணீரும் கலக்கும் அந்த எல்போவைக் கழற்றினேன். 50 மில்லிமீட்டர் வாயில் என் சுட்டுவிரல் மட்டும்தான் போனது. மிச்சமெல்லாம் நிலக்கரி மாதிரி இறுகிப் படிந்த கரி. மனிதர் ஒருநாளும் 1,800 சுற்றைத் தாண்டி ஓட்டியதே இல்லை. ஏன் என்று கேட்டேன். தாண்டினால் பின்பக்கம் தாழ்ந்து, கொக்பிட்டின் வடிகால் துளைகளால் தண்ணீர் மேலே வருகிறதாம், மனைவிக்குப் பயமாம். காசு கொடுத்து வாங்கிய 29-இல் பாதியைக்கூட அவரால் பாவிக்க முடியவில்லை. பாவிக்காத பாதிதான் எஞ்சினுக்குள் கரியாகப் படிந்திருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று. 30 குதிரையைத் தண்ணீருக்குள் இறக்க அதற்கேற்ற விட்டமுள்ள புரொப்பெல்லர் வேண்டும். பிளேடின் நுனிக்கும் படகின் அடிக்கும் இடையில் விட்டத்தில் 10-இலிருந்து 15 சதவீதமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் அடியில் இடித்து, படகு முழுவதும் உடுக்கு அடிப்பது போல அதிரும். உங்கள் படகில் இருக்கிற இடம் இருக்கிற இடம்தான். சின்னப் புரொப்பெல்லரோடு பெரிய எஞ்சினைப் பூட்டுவது, கரண்டியால் குளத்தை இறைக்கப் பயில்வானைக் கூப்பிட்ட மாதிரி.

இவ்வளவும் அமைதியான தண்ணீருக்கான கணக்கு. நீங்கள் இருக்கிற மெட்வே அமைதியான தண்ணீர் இல்லை, நான் 16-இல் நிற்காமல் 20-க்குப் போகக் காரணமும் அதுதான். பெரிய வற்று நேரத்தில், ஆறு கடலோடு சேரும் ஷியர்னெஸ் வாயிலால் 2-இலிருந்து 3 நாட் வரை தண்ணீர் வெளியே ஓடும். ஞாயிறு பின்னேரம் வெளியிலிருந்து திரும்பி வருகிறீர்கள். தென்மேற்குக் காற்று, அந்தப் பக்கத்தில் அதிகமாக வீசுவதே அதுதான், நேரே முகத்தில். எதிரோட்டம் மூன்று நாட். படகு தண்ணீரில் 5 நாட் ஓடினாலும் கரையைப் பார்த்தால் 2 நாட்டில்தான் நகரும்.

காற்று என்ன செய்யும் என்பதையும் சொல்கிறேன். பாய்மரம், கம்பிகள், கபின், நிற்கிற ஆட்கள் எல்லாம் சேர்த்து உங்கள் படகு காற்றுக்குக் காட்டும் முகப்பு ஆறு ஏழு சதுர மீட்டர் இருக்கும். 30 நாட் காற்றில் அது, என் கணக்குப்படி, 90-இலிருந்து 100 கிலோ பாரத்தைக் கயிற்றில் கட்டிப் பின்னுக்கு இழுப்பது போல. 15 நாட் காற்றில் அதில் கால்வாசிதான். காற்று இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்காகும். அதோடு தேம்ஸ் கழிமுகத்தின் ஆழமில்லாத தண்ணீரில் வரும் குட்டையான, செங்குத்தான அலை ஒவ்வொன்றும் படகின் நெற்றியில் கைவைத்து நிறுத்தும். அந்த நேரத்தில் 14 குதிரை எஞ்சினிலிருந்து காற்றுக்கும் ஆல்டனேட்டருக்கும் போக மிஞ்சுவது, படகை நிலத்தைப் பார்த்து முன்னுக்குக் கொண்டுபோக மட்டுமட்டாகத்தான் இருக்கும். 20 என்றால் மெதுவாகவேனும் வந்து சேருவீர்கள்.

அந்த வாயிலுக்குப் பக்கத்தில்தான் 1944-இல் மூழ்கிய ரிச்சர்ட் மொன்ட்கொமரி கப்பல் கிடக்கிறது, வயிற்றில் ஏறக்குறைய 1,400 தொன் வெடிமருந்தோடு. சுற்றிவரத் தடை போட்டு வைத்திருக்கிறார்கள். இழுவை போதாமல் ஓட்டத்தோடு போய்ச் சேரக்கூடாத இடம் என்று ஒன்று இருக்குமானால் அது அதுதான்.

அப்படியென்றால் பக்கத்துப் படகுக்காரர் ஐந்து வருடமாகப் பொய்யா சொல்கிறார்? இல்லை. நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன்: ஓய்வுபெற்றவராக இருப்பார். ஓட்டம் திரும்பும்வரை குயின்பரோவில் மிதவையைப் பிடித்துக்கொண்டு தேநீர் குடிப்பார். காற்று பலமாக இருந்தால் திங்கள் போகலாம், செவ்வாய் போகலாம் என்று இருப்பார். அப்படிக் காத்திருக்க முடிந்தவருக்கு 14 தாராளம், 10-உம் போதும். உங்களுக்குத் திங்கள் காலை வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது உங்கள் நாட்குறிப்பையும் பொறுத்தது என்று நான் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சரி, 20 என்று முடிவானால் எது? பீட்டா 20 ஒன்று. யன்மார் 3வைஎம்20 இன்னொன்று, அது 21 குதிரை. வொல்வோ டி1-20 மூன்றாவது, கிட்டத்தட்ட 19. மூன்றும் மூன்று சிலிண்டர், மூன்றும் நன்னீர்க் குளிர்ச்சி. உங்கள் பழைய இரும்பைவிட இவை மூன்றும் நிறைய இலேசு. மூன்றில் எதையும் குறை சொல்ல மாட்டேன். உங்கள் படகில் எனக்குப் பிடித்தது பீட்டா. அது குபோட்டாவின் சின்ன எஞ்சினைக் கடலுக்காக மாற்றிக் கட்டியது. பழைய எஞ்சின் அமர்ந்திருந்த அதே கட்டைகளில் உட்காரும்படி கால்களை அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். எம்டி11சி இருந்த இடத்துக்கு அது பெரிய உதவி. யன்மாருக்கு உதிரிப்பாகம் எந்தத் துறைமுகத்திலும் கிடைக்கும் என்பது அதன் பலம்.

இனித்தான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் பவுண் செலவழித்துவிட்டு, "பழைய புரொப்பெல்லர் நல்லாத்தானே இருக்கு" என்று அதையே பூட்டுவார்கள். உங்கள் தகட்டில் இருக்கும் 1.91-ஐ எழுதி அனுப்பியது எனக்குப் பெரிய சந்தோஷம், ஏனென்றால் கணக்கைச் செய்து காட்ட முடிகிறது.

பழைய எஞ்சின் 2,500 சுற்றில் 23 குதிரை தந்தது. எஞ்சின் 1.91 தடவை சுற்றினால் ஷாப்ட் ஒரு தடவை சுற்றும் என்பதுதான் அந்த 1.91, அதனால் பிரித்தால் ஷாப்ட் சுமார் 1,310 சுற்றுச் சுற்றியது. பழைய புரொப்பெல்லர் அதற்குப் பொருத்தமாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். புதிய 20 குதிரை எஞ்சின் பீட்டாவோ யன்மாரோ என்றால் அதன் உச்சம் 3,600 சுற்று. கியர்பொக்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று வந்தால் ஷாப்ட் 1,800 சுற்ற வேண்டும். 1,310-க்குச் செய்த பெரிய பிளேடால் அந்த வேகத்தில் சுற்ற முடியாது, அதைச் சுற்ற எஞ்சினுக்குப் பலமில்லை. முழு கேஸ் கொடுத்தாலும் 2,200, 2,300 சுற்றுக்கு மேல் ஏறாமல் எஞ்சின் திணறும், பின்னால் கரும்புகை கக்கும். நாலாவது கியரில் மலை ஏறுகிற லொறி மாதிரி. அந்தச் சுற்றில் 20 குதிரை எஞ்சினிடம் இருப்பது 14-தான். 20-க்குக் காசு கொடுத்து 14-ஐ வாங்கியிருப்பீர்கள், அதுவும் நோயாளி 14.

அதே எஞ்சினை 2.6-க்கு ஒன்று கியர்பொக்ஸோடு கேளுங்கள். யன்மாரில் அது 2.62 என்று வரும். 3,600-ஐ 2.6-ஆல் பிரித்தால் ஷாப்ட் 1,385. பழைய 1,310-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? பழைய புரொப்பெல்லரைப் பூட்டினாலும் 3,200 சுற்று வரை ஏறும். இன்னும் கொஞ்சம் பாரம் அதிகம்தான், ஆனால் புரொப்பெல்லர் திருத்தும் பட்டறையில் கொடுத்துப் பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரத்தை, ஓர் அங்குலமோ இரண்டோ குறைத்தால் சரியாகிவிடும். பெரிய பிளேட் மெதுவாகச் சுற்றுவது உங்கள் மாதிரிப் பாரமான படகுக்கு எப்போதும் நல்லது. எதிர்க்காற்றில் தள்ளுவதும் அதுதான், மரீனாவில் பின்னுக்கு எடுத்து நிறுத்துவதும் அதுதான். அதனால் எஞ்சினுக்கு ஓடர் கொடுக்கும்போது குதிரைவலுவைச் சொல்கிற அதே மூச்சில் கியர் விகிதத்தையும் சொல்லுங்கள். பிறகு மாற்ற முடியாது, மாற்றினால் இன்னொரு கியர்பொக்ஸின் விலை.

புதிதாகவே வாங்குவதாக இருந்தால் மூன்று பிளேட், அசையாத சாதாரண வெண்கலப் புரொப்பெல்லர் போதும். மடங்கும் புரொப்பெல்லர் பந்தயம் ஓடுகிறவர்களுக்கு. இரட்டைக் கீல் சென்டோரில் பாய் விரித்து அரை நாட் மிச்சம் பிடிக்க அவ்வளவு காசு கொட்டத் தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல மெயின் பாய் ஒன்று தைக்கலாம்.

எந்தக் கைப் புரொப்பெல்லர் என்றும் பாருங்கள். படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போது பின்னால் நின்று பார்த்தால், முன்னுக்கு ஓட அது வலஞ்சுழியாகச் சுற்றினால் வலக்கை. இப்போது வரும் எஞ்சின்கள் அநேகமாக வலக்கைதான். உங்கள் பழையது இடக்கையாக இருந்தால் அதை அப்படியே கழற்றி விற்றுவிடுங்கள், புதியதில் பூட்டினால் கியர் போட்டதும் படகு பின்னால் போகும். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன். கை மாறினால் இன்னொன்றும் மாறும். பின்னுக்கு எடுக்கும்போது வலக்கைப் புரொப்பெல்லர் படகின் பின்பக்கத்தை இடது பக்கம் இழுக்கும், இடக்கை வலது பக்கம் இழுக்கும். இத்தனை வருடமாகக் கைப்பழக்கத்தில் நிறுத்திய இடத்தில் முதல் வாரம் பக்கத்துப் படகை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 14 குதிரைக்காரருடைய படகுதானே பக்கத்தில்.

மற்றவை விரைவாக. புகைக்குழாய் 50 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பழைய ரப்பர்க் குழாயை அப்படியே விடாதீர்கள், உள்ளே உரிந்திருக்கும். புகைக்குழாயிலிருந்து தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்பாமல் தடுக்கும் தண்ணீர் பூட்டி (வோட்டர்லொக்), கடல்நீர் வடிகட்டி, டீசல் வடிகட்டி எல்லாம் இந்தச் சந்தர்ப்பத்திலேயே புதிதாகட்டும், எஞ்சின் இல்லாத குழிக்குள் இறங்கி வேலை செய்யும் வாய்ப்பு இன்னொருமுறை வராது. டீசல் தொட்டியையும் திறந்து கழுவுங்கள். பழைய தொட்டியின் அடியில் கிடக்கும் சேற்றைப் புது எஞ்சினுக்கு ஊட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது. புது எஞ்சின் ரப்பர்க் கால்களில் ஆடும், அதனால் எஞ்சினையும் ஷாப்டையும் இணைக்க வளைந்து கொடுக்கும் கப்லிங் வேண்டும். எஞ்சின் கழற்றியதும் குழியைத் தேய்த்துக் கழுவி வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுங்கள். பிறகு ஒரு சொட்டு ஒயில் ஒழுகினாலும் கண்ணில் படும்.

படகு தண்ணீரில் இறங்கியபின் யார்ட்காரருக்குக் கடைசிக் காசைக் கொடுக்க முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். காற்றில்லாத ஒரு காலை, ஓட்டம் நின்ற நேரம், அடி சுத்தமாக இருக்க, நாலு பேரும் ஏறிக்கொள்ளுங்கள். எஞ்சினைச் சூடாக்கிவிட்டு லீவரை முழுதாகத் தள்ளுங்கள். சுற்றுமானி 3,600-ஐத் தொட வேண்டும், 50, 100 குறைந்தால் பரவாயில்லை. 3,300-இல் நின்றுவிட்டால் பிட்ச் அதிகம், ஓர் அங்குலம் குறைத்தால் 200 சுற்றுக்குக் கிட்ட ஏறும். சுலபமாக 3,600-க்குப் போய் அதற்கு மேல் எகிறப் பார்த்தால் பிட்ச் குறைவு. கணவரை சுற்றுமானிக்கு முன்னால் இருத்துங்கள், நீங்கள் பின்னால் புகையைப் பாருங்கள். கறுப்பாக வந்தால் எஞ்சின் சுமக்க முடியாமல் சுமக்கிறது. அந்தச் சோதனையில் சுற்று எவ்வளவு ஏறியது, படகு எத்தனை நாட் ஓடியது என்று ஒவ்வொரு 400 சுற்றுக்கும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து, "இப்போ இழுவை குறைஞ்ச மாதிரி இருக்கே" என்று தோன்றும்போது அந்தத் தாள்தான் பதில் சொல்லும். அநேகமாக எஞ்சினில் பிழை இருக்காது, புரொப்பெல்லரில் ஒட்டிய சிப்பியாக இருக்கும்.

ஓட்டும் பழக்கமும் ஒன்று. மூரிங்கில் நின்றுகொண்டு பட்டரி சார்ஜ் பண்ணவென்று எஞ்சினை மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடாதீர்கள். 20-உம் சும்மா ஓடினால் 30 மாதிரித்தான் கரி பிடிக்கும். ஒவ்வொரு பயணத்திலும் கடைசிப் பத்து நிமிடமாவது 2,800 சுற்றுக்கு மேல், கியரில், பாரத்தோடு ஓடட்டும். அந்த வேகத்தில் மணிக்கு இரண்டரை லீட்டர் டீசல் போகும், அதற்குமேல் பெரிதாகப் போகாது.

உங்கள் கணவர் இன்னும் 30-இலேயே நின்றால், அவரை ஒருநாள் எஞ்சின் குழிக்குள் இறக்கி அளவெடுக்கச் சொல்லுங்கள். ஷாப்டின் மையத்திலிருந்து கட்டைகளின் மேல்முகம் வரை எவ்வளவு உயரம், இரண்டு கட்டைகளுக்கும் இடையில் எவ்வளவு அகலம், கப்லிங்கிலிருந்து முன்பலகை வரை எவ்வளவு நீளம், புரொப்பெல்லர் நுனியிலிருந்து படகின் அடி வரை எவ்வளவு இடைவெளி. நாலையும் மில்லிமீட்டரில் எழுதி எனக்கு அனுப்புங்கள், புரொப்பெல்லரில் அடித்திருக்கும் எண்களையும் சேர்த்து. எந்தக் கால், எந்தப் பிட்ச் என்று பார்த்துச் சொல்கிறேன். யார்டில் ஓடர் கொடுப்பதை அதுவரை தள்ளிப் போடுங்கள்.